கரண்ட் போனாலும் சோலார் எரியுமா? வாங்குமுன் சில கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். திருவொற்றியூரில் சொந்த வீடு, கீழே நாங்கள், மாடியில் மாமியார். பில் ஏறிக்கொண்டே போகிறது, மழை வந்தால் கரண்டும் போய்விடுகிறது. இ.பி.யே வேண்டாம், முழுக்க சோலாருக்கு மாறிவிடலாம் என்று பார்க்கிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தவர், "3 கிலோவாட் போடுங்க, 78,000 ரூபாய் மானியம் வரும், கரண்ட் போனாலும் வீடு முழுக்க எரியும், இ.பி. லைனே தேவையில்லை" என்கிறார். நாளைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீங்கம்மா. ஒரு வாரம் பொறுங்கள். அவர் சொன்னதெல்லாம் தனித்தனியாக நடக்கக்கூடியதுதான், ஆனால் ஒரே அமைப்பில் எல்லாமே சேர்ந்து நடக்காது.

அந்த 78,000, ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வருவது. 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் போனால் 78,000. அது இ.பி. லைனோடு இணைத்த அமைப்புக்கு மட்டும்தான் கிடைக்கும். லைனைத் துண்டித்துவிட்டால் மானியமும் கிடையாது. அப்புறம், லைனோடு இணைத்த சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், தெருவில் கரண்ட் போன அடுத்த நொடியே தானாக நின்றுவிடும், மாடியில் உச்சி வெயில் அடித்தாலும் சரி. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு நம் வீட்டுப் பேனலிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்று வைத்திருக்கிற பாதுகாப்பு அது. கரண்ட் போனாலும் எரிய வேண்டும் என்றால் பேட்டரியும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் (பேனல், பேட்டரி, இ.பி. லைன் மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்துவது) வேண்டும், பேட்டரிக்கான செலவு முழுக்க உங்கள் கையிலிருந்துதான். அதனால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மெயினை நான் இறக்கினால், எந்தெந்த பாயின்ட் எவ்வளவு நேரம் எரியும்?" பதிலை கொட்டேஷனிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இ.பி.யே வேண்டாம் என்ற ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு நான்கு நாள் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தண்ணீரும் சேர்ந்துகொண்டது. அந்த நாட்களில் நாங்கள் ஏங்கியது டிவிக்கோ ஏசிக்கோ இல்லை: ராத்திரியில் குழந்தைக்கு ஒரு ஃபேன், ஒரு லைட், போனுக்குச் சார்ஜ், சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றக் கால் மணி நேரம் மோட்டார். அன்றைக்கு நமக்கு எது போதுமாக இருந்ததோ அதை மட்டும் அளந்து வாங்கினால் காசு பாதியாகக் குறையும் என்பதுதான் என் அனுபவம்.

அளப்பதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இ.பி. மீட்டரில் இருக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள். ஞாயிறு சாயங்காலம் வரை இரண்டு ஃபேன், மூன்று எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், அளவாக மோட்டார், இவ்வளவோடு மட்டும் வாழ்ந்து பாருங்கள். ஃபிரிட்ஜை முன்னாடியே காலி செய்து அணைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் செய்தபோது காசிமேட்டு மீனை அன்றன்றைக்கு வாங்கி அன்றைக்கே ஆக்கினோம், தயிரை மண்பானைத் தண்ணீரில் வைத்தோம், மிக்ஸிக்குப் பதில் அம்மி. முதல் ராத்திரி கஷ்டமாகத்தான் இருந்தது, மொட்டைமாடியில் கொசுவலை கட்டிப் படுத்த பிறகு கடல்காற்றில் தூக்கம் வந்துவிட்டது. வழக்கமாக ஒரு நாளைக்கு 7 யூனிட் ஓடுகிற வீட்டில் அந்த இரண்டு நாளும் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் போகவில்லை. மாமியாரையும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், வயதானவர்களுக்கு ராத்திரி ஃபேனில் கை வைக்கவே கூடாது.

அடுத்து ஃபேன். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கிற புது வகை மோட்டார் உள்ளது) 30 வாட் பக்கம். கடையில் வழக்கமாகத் தருகிற 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி (Ah) ட்யூபுலர் பேட்டரியில் கணக்குக்கு 1,800 வாட்-மணி (1,000 வாட்-மணி என்றால் ஒரு யூனிட்) இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும், ஆக கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 750. இரண்டு பழைய ஃபேன் போட்டால் 5 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும், இரண்டு பி.எல்.டி.சி. போட்டால் விடியும் வரை ஓடும். அதாவது இரண்டு ஃபேனை மாற்றினால் இன்னொரு பேட்டரி வாங்குகிற செலவு மிச்சம். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள், நம் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள், அப்புறம் ஃபேன் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்கு அலைய வேண்டியிருக்கும்.

பேட்டரியில் இன்னொரு விஷயம். இரண்டு பேட்டரி மேலும் 150 Ah என்றே போட்டிருந்தாலும் சி-10, சி-20 என்று பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். சி-20 என்றால் 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால்தான் அந்த அளவு கிடைக்கும், சி-10 என்றால் 10 மணி நேரத்தில் இறக்கினாலும் கிடைக்கும். தினமும் சோலாரில் ஏற்றி இறக்குவதற்கு சி-10 தான் சரி. விலை கூடுதல், ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முழுக்கத் துண்டிப்பதை மட்டும் நான் வேண்டாம் என்பேன். சென்னையில் 1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளைக்கு 4 யூனிட் அளவு தரும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டம் போட்டால் அதில் சிறு பங்குதான் வரும், அந்த மூன்று நாளுக்குமாகப் பேட்டரி வாங்கினால் வருஷத்தில் மீதி நாளெல்லாம் அது சும்மா கிடக்கும். இ.பி. லைன் இருக்கட்டும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும், பில் திடீரென்று குதிப்பதற்குப் பல வீடுகளில் அதுதான் காரணம். உங்கள் வீட்டுக்கு முதலில் ஃபேன், அப்புறம் ஒரு சின்ன ஹைப்ரிட், அதில் ஃபேன், லைட் பாயின்ட்டுகள் மட்டும். மோட்டாரையும் அதில் சேர்ப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அரை எச்.பி. மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப் போலப் பல மடங்கு இழுக்கும்.

கேள்வி: வியாசர்பாடியில் ஒரே அறை, வாடகை. வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். காலி செய்யும்போது கையோடு எடுத்துப்போகிற மாதிரி என்ன வாங்கலாம் தோழர்? 50,000 எம்.ஏ.எச். பவர் ஸ்டேஷன் ஒன்று ஆஃபரில் வருகிறது.

பதில்: அந்த 50,000 என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு, பெருக்கிப் பார்த்தால் 185 வாட்-மணிதான். ஒரு 30 வாட் ஃபேன் ஐந்து மணி நேரம், அதற்கு மேல் இல்லை. எதை வாங்கினாலும் வாட்-மணி எவ்வளவு என்று கேளுங்கள், பெட்டியில் போடவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு முதல் செலவு ஒரு பி.எல்.டி.சி. ஃபேன்தான், போகும்போது கழற்றிக்கொள்ளலாம், பழையதை மாட்டிக் கொடுத்துவிடலாம். தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் மிச்சம், உங்கள் கணக்கில் 160 ரூபாய். மொட்டைமாடியில் வீட்டுக்காரர் இடம் கொடுத்தால் 100 வாட் பேனல் ஒன்று, சின்ன லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 12 வோல்ட் டி.சி. ஃபேன், இரண்டு டி.சி. பல்பு. டி.சி. சாமான் பேட்டரி கரண்டிலேயே நேராக ஓடும், அதனால் இன்வெர்ட்டரே வேண்டாம். பேனலைச் சும்மா சாய்த்து வைக்காமல் நன்றாகக் கட்டுங்கள், காற்றில் பறந்து கீழே யார் தலையிலாவது விழுந்தால் பெரிய விபரீதம்.

கேள்வி: ராயபுரம், கடற்கரையை ஒட்டிய வீடு. பேனல் போட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் ஸ்டாண்டில் துரு, கண்ணாடியில் கறுப்புத் தூசு. போட்டவர் "கடல் பக்கம் அப்படித்தான்" என்கிறார்.

பதில்: அப்படித்தான் என்று அவர் சொல்லித் தப்பிக்க முடியாது. கடல் பக்கம் என்று தெரிந்துதானே போட்டார்? ஸ்டாண்ட் ஹாட்-டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு) செய்ததாக, நட்டு போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்திருக்க வேண்டும். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, துருவைத் தேதியோடு போட்டோ எடுத்து, மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, ஆனால் பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

தூசுக்கு, வெயில் ஏறுமுன் விடியற்காலையில் நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும், சோப்புத்தூள் வேண்டாம், உச்சி வெயிலில் சூடாக இருக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள்.