படத்துக்குள் எவ்வளவு ஒளிக்கலாம், மாட்டிக்கொள்ளாமல்?

‘ஒரு புகைப்படத்துக்குள் அதிகபட்சம் எவ்வளவு ரகசியத் தகவலை யாருக்கும் தெரியாமல் ஒளிக்கலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

எவ்வளவு பிடிக்கும் என்பது மட்டும்தான் கேள்வி என்றால், பதில் சுலபம். 1000-க்கு 1000 பிக்சல் வண்ணப் படத்தில், ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வீதம், 30 லட்சம் எண்கள் இருக்கும். ஒவ்வொன்றின் கடைசி பிட்டையும் (கணினி அந்த எண்ணை எழுதும் 0, 1 வரிசையின் கடைசி இலக்கம்) ரகசியத்துக்கு எடுத்துக்கொண்டால் 3,75,000 பைட் கிடைக்கும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

படிக்கும் காலத்தில் இப்படித்தான் ஒரு புரோகிராம் எழுதி, நண்பனிடம் பீற்றிக்கொண்டேன். அவன் படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று ஒரு வரைபடம் போட்டான். 100-உம் 101-உம் கிட்டத்தட்ட ஒரே உயரம். 102, 103-உம் அப்படியே. கடைசி வரை ஜோடி ஜோடியாகப் படிக்கட்டு!

காரணம் இதுதான்: கடைசி பிட்டை மாற்றினால் 100 என்பது 101 ஆகும், 101 என்பது 100 ஆகும், 100 ஒருபோதும் 99 ஆகாது. அந்த இரண்டும் தங்களுக்குள்ளேயே இடம் மாறிச் சமமாகிவிடுகின்றன. கேமராவில் எடுத்த படம் அப்படி இருக்காது. தகவலை என்கிரிப்ட் செய்துதான், அதாவது சாவி இல்லாதவருக்கு வெறும் குப்பையாகத் தெரியும்படி மாற்றித்தான் வைத்திருந்தேன். சொல்லப்போனால் அதுவே வினை; 0-வும் 1-உம் பாதிக்குப் பாதி வந்ததால்தான் படிக்கட்டு அவ்வளவு சுத்தமாக விழுந்தது. வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மான் இருவரும் 1999-லேயே இதை ஒரு புள்ளியியல் சோதனையாக வெளியிட்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சரி, கொஞ்சமாக ஒளித்தால்? தப்பலாம். ஆனால் அந்தக் ‘கொஞ்சம்’ நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஆண்ட்ரூ கெர் போன்ற ஆய்வாளர்கள் காட்டிய வர்க்கமூல விதி என்று ஒன்று உண்டு. மாட்டும் அபாயம் கூடக் கூடாது என்றால், படம் நான்கு மடங்கு பெரிதானாலும் தகவலை இரண்டு மடங்குதான் கூட்டலாம். 100 படங்களில் பிரித்து வைத்தாலும் மொத்தம் 10 மடங்குதான். பார்ப்பவரிடம் மாதிரிகள் கூடக் கூட, சின்ன முரண்களும் சேர்ந்து துலக்கமாகிவிடும். அசல் படங்களின் இயல்பை நம்மால் அச்சுப் பிசகாமல் போலி செய்ய முடியாதவரை, எந்த முறைக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு இல்லை.

இணையத்தில் எடுத்த படத்தில் மட்டும் ஒளிக்காதீர்கள். அசலைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தால் கதை முடிந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலோ, அது மறுபடி சுருக்கும்போது கடைசி பிட்டில் வைத்ததெல்லாம் அழிந்துவிடும்.

ஒரு கடவுச்சொல் அளவுக்குத்தான் தேவை என்றால், நீங்களே எடுத்த பெரிய படத்தில், சிதறலாக ஒளித்துப் பாருங்கள். எம்பி கணக்கில் என்றால் ஒளிக்கும் யோசனையை விட்டுவிட்டு, என்கிரிப்ட் செய்து வெளிப்படையாகவே அனுப்புங்கள்.