மூன்றாவது நாடகத்துக்கு முன்னால் அந்த கார்டை நிறுத்துங்கள்

கேள்வி: அலுவலக வேலை பார்த்துக்கொண்டே ஒரு சிறு நாடகக் குழு நடத்துகிறேன். இதுவரை இரண்டு நாடகம் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் சுமார் 330 டிக்கெட் விற்றது, ஆனாலும் நஷ்டம். அந்தக் கடன் கிரெடிட் கார்டில் நிற்கிறது. வட்டி மாதம் 3 சதவீதம். குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். அடுத்த நாடகத்தை 600 இருக்கை உள்ள அரங்கில்தான் போட வேண்டும் என்கிறார் அக்கா வீட்டுக்காரர். மாதம் 2 வட்டிக்கு அவரே பணம் தருகிறாராம், சொந்தக்காரர்களுக்கு 40 இலவச இருக்கை வேண்டுமாம். கூடுதல் வருமானத்துக்குப் பங்குச் சந்தை ஆப்ஷன் வர்த்தகம் சொல்லித் தரும் வகுப்பில் சேரலாமா? கடன் செயலியில் கொஞ்சம் வாங்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். ‘உடை முன்பணம் – கார்டு’, ‘ஒத்திகை இடம் – கார்டு’ என்று அடுத்தடுத்து இரண்டு வரிகள். இந்த நாடகத்துக்கு இன்னும் ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை, செலவு மட்டும் ஆரம்பித்துவிட்டது. விற்பனை வருமுன்பே கார்டில் முன்பணம் கட்டும் இந்தப் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது. பழைய பாக்கி நிற்கும்போது கார்டில் புதிதாக எது வாங்கினாலும், வழக்கமான வட்டியில்லாத நாட்கள் பொதுவாகக் கிடைக்காது. அந்த உடைத் துணிக்கு, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் தொகைகளை எல்லாம் ஒரு டிக்கெட்டின் விலையால் வகுத்துப் பார்த்தேன். கார்டு பாக்கி 400 டிக்கெட். மாத வட்டி மட்டும் 12 டிக்கெட். நீங்கள் கட்டுவது 20; அதில் அசலுக்குப் போவது 8. இப்படியே ஒரு வருடம் 240 டிக்கெட் கட்டினாலும் அசல் 115 அளவுக்குத்தான் குறையும், மீதி 125-ம் வட்டி. புதிதாக எதையும் வாங்காமல் இருந்தாலே முழுதும் தீர 31 மாதம் ஆகும். நீங்களோ வாங்கிக்கொண்டே இருக்கிறீர்கள்.

இனி அரங்கு விஷயம். உங்கள் பட்டியல்படி பெரிய அரங்கில் ஒரே காட்சி போட்டால் மேடை அமைப்பு, உடை, விளம்பரம், ஒத்திகைக்கு 280 டிக்கெட். காட்சி நாளின் வாடகை, ஒளி, ஒலி, கூலிக்கு 200. ஆக 480. இருக்கை 600, அதில் 40 இலவசம் போனால் விற்க இருப்பது 560. இதில் 480 விற்றால்தான் கைக்காசு போகாது. உங்களுக்கு வருபவர்கள் 330 பேர். 150 டிக்கெட் பள்ளம் இன்றே தெரிகிறது.

அதே 330 பேரை 150 இருக்கை உள்ள சின்ன அரங்கில் மூன்று காட்சிகளுக்குப் பிரித்துப் பாருங்கள். சின்ன மேடைக்கு அமைப்பு, உடை, விளம்பரம், ஒத்திகை எல்லாம் 140-க்குள் அடங்கும். காட்சிக்கு 40 வீதம் 120. மொத்தம் 260. எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு, 26, ஒதுக்கினாலும் 44 டிக்கெட் கையில் நிற்கும். அரங்கில் ஒளி, ஒலி வைத்துப் பார்க்கும் முழு ஒத்திகைக்கும் வாடகை உண்டு. நீங்கள் அனுப்பிய பட்டியலில் அது விடுபட்டிருக்கிறது. இந்த 26-லிருந்துதான் அது போகும்.

அக்கா வீட்டுக்காரரிடம் கடன் வேண்டாம். 2 வட்டி 3-ஐ விடக் குறைவுதான். ஆனால் அந்தப் பணத்தோடு பெரிய அரங்கும் 40 இருக்கையும் சேர்ந்தே வருகின்றன. அவர் மனசு நோகாமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அத்தான், அந்த 40 டிக்கெட்டையும் நீங்களே முன்கூட்டி வாங்கிக் கொடுத்தால் உடைச் செலவு முடிந்துவிடும்.” அவருக்கும் கௌரவம், உங்களுக்கும் கடன் இல்லை. மறுத்தார் என்றால், உதவுவதாகச் சொன்னதன் அளவு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆப்ஷன் வகுப்பு வேண்டவே வேண்டாம். கடனில் இருப்பவர், மற்றவர்களுக்கு வர்த்தகம் கற்றுத் தருகிறவரின் கட்டணத்தைக் கட்டிவிட்டு, நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் ஆட்களோடு போட்டி போடுவதை என்னால் ஆமோதிக்க முடியாது. கடன் செயலியும் அப்படித்தான். ஐந்து நிமிடத்தில் பணம் வரும், ஆனால் கட்டணமும் வட்டியும் சேர்ந்தால் பெரும்பாலும் கார்டைவிட மோசம்.

நாடகத்தையே வருமான வழியாகக் கணக்குப் போடாதீர்கள். வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற பொருளாதார அறிஞர்கள் 1960-களில் இதை விளக்கினார்கள். நான்கு பேர் வாசிக்கும் இசைக்கு நூறு வருடம் முன்பும் நான்கு பேர்தான், இன்றும் நான்கு பேர்தான். மற்ற தொழில்களில் உற்பத்தி கூடக்கூடக் கூலி ஏறும், மேடையிலும் அதே கூலியைக் கொடுத்தாக வேண்டும், செலவைக் குறைக்க வழியில்லை. உங்கள் குழுவின் நிலையும் அதேதான். கூடுதல் காசு மேடைக்கு வெளியேதான் வர வேண்டும்.

அதற்கு உங்களிடம் இருப்பது குரல். சனிக்கிழமை ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பு: 8 பேர், மாதக் கட்டணம் ஆளுக்கு 4 டிக்கெட் விலை. மாதம் 32 வரும். இப்போது கட்டும் 20-ஓடு சேர்த்து 52 கட்டினால் கார்டு 9 மாதத்தில் தீரும். ஒலிநூல் பதிவும் உங்களுக்குப் பொருந்தும், ஆனால் அமைதியான அறையும் நல்ல மைக்கும் வேண்டும், உடனே வராது. பெட்டியில் நாஃப்தலீன் உருண்டையோடு கிடக்கும் இரண்டு நாடகத்து உடைகளைப் பள்ளிகளுக்கும் மற்ற குழுக்களுக்கும் வாடகைக்குக் கொடுங்கள். எந்த உடை யாரிடம் போனது, முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்ப வர வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதுபோன்ற தொழில் எழுதி வைக்காததால்தான் பெரும்பாலும் கெடுகிறது.

கூட்டு நிதியையும், அதாவது பலரிடம் சிறுசிறு தொகையாக இணையத்தில் திரட்டுவதையும், யோசிக்கலாம். கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளத்தில் குறித்த தொகை சேராவிட்டால் யாரிடமிருந்தும் பணம் எடுக்கப்படாது. சேர்ந்தால் 5 சதவீதம் தளத்துக்கு, அது போகப் பணப் பரிமாற்றக் கட்டணமும் உண்டு. பணம் சேர்கிறதோ இல்லையோ, எத்தனை பேர் வருவார்கள் என்பது முன்பே தெரிந்துவிடும்.

வேறொருவர் எழுதிய நாடகம் என்றால், எழுத்துபூர்வ அனுமதி கையில் வராமல் அரங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள். 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தின் இன்றைய வடிவம், ஆசிரியர் இறந்து 50 வருடம் வரையிலாவது அவரது உரிமையைக் காக்கச் சொல்கிறது. பல நாடுகளில் அது 70. பாடல்களுக்கு அனுமதி தனியாக.

அனுமதி வந்ததும் சின்ன அரங்கில் மூன்று தேதிகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். டிக்கெட் விற்பனையைத் தொடங்கி, 100 விற்ற பிறகுதான் மேடைக்கு மரம் வாங்க ஆள் அனுப்புங்கள். இந்த வாரமே கார்டை இணையத்தில் எங்கெல்லாம் சேமித்து வைத்திருக்கிறீர்களோ அங்கிருந்து எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டிய உடை முன்பணத்தைத் திருப்பித் தருவாரா என்று தையல்காரரிடம் நாளைக்கே கேளுங்கள். பாதி கிடைத்தாலும் வாங்கி நேராகக் கார்டில் கட்டுங்கள்.