வடையைத் தொடாத எலி

கேள்வி: மசால் வடையில் எலி மருந்து தடவி வைத்தேன். ஒரே ஒரு எலி செத்தது. அதன்பிறகு வடையை எந்த எலியும் சீண்டுவதில்லை. எலி காதுபட மருந்துப் பேச்சை எடுத்ததுதான் காரணம் என்கிறார் என் மாமியார். அல்லது செத்ததைப் பார்த்து மற்றவை தெரிந்துகொண்டனவா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வீட்டு எலிக்குத் தமிழ் தெரியாது. செத்ததைப் பார்த்தும் அது பாடம் கற்காது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதித்திருக்கிறார். தின்றுவிட்டு வந்த எலியின் வாயை முகர்ந்து பார்க்கும் இன்னோர் எலி, அதே உணவைத் தேடிப் போகிறது. தின்றது நோயில் சுருண்டு கிடந்தாலும் அப்படித்தான்! 'இது தின்னத் தக்கது' என்ற சேதி மட்டுமே எலிகளின் ஊர்வம்பில் உண்டு.

பிறகு யார் சொன்னது? அதனதன் வயிறுதான். ஒரு கடி கடித்துச் சாகாமல் பிழைத்த எலிகளே வடையை ஒதுக்குகின்றன. விழுங்கியதை வாந்தியெடுக்க எலியால் முடியாது. எச்சரிக்கையாக இல்லாமல் எப்படி?

இதை நிறுவியவர் ஜான் கார்சியா என்ற அமெரிக்கர். 1966இல் வெளியான சோதனையில், எலி நீரை நக்கும்போதெல்லாம் நாக்கில் இனிப்பு, கண்ணெதிரே விளக்கு, காதில் 'க்ளிக்' சத்தம். பின்னர் உடம்பு கெட்ட எலிகள் இனிப்பைத்தான் விட்டன. விளக்கையும் சத்தத்தையும் பொருட்படுத்தவில்லை. மின்சார அடி வாங்கியவையோ விளக்குக்கும் சத்தத்துக்கும் மிரண்டன, இனிப்பை விடவில்லை. அதிலும், குடித்துச் சில மணி நேரம் கழித்து நோய் வந்தாலும் எலி கணக்கைச் சரியாகப் போட்டுவிடுகிறது. சில நொடிகளுக்குள் விளைவு வந்தால்தான் விலங்கு கற்கும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த நிபுணர்களுக்கு இது செரிக்கவில்லை. கடிகாரத்துக் குயில் பொம்மை எச்சமிட்டாலும் இடும், இது நடக்காது என்றாராம் ஒருவர். பெரிய ஆய்விதழ்கள் கார்சியாவின் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பின. (பத்திரிகை ஆசிரியர்களைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.)

ஆகவே குற்றம் மாமியார் வாயில் இல்லை. மருந்தின் வேகத்தில் இருக்கிறது. ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி மருந்து சில மணி நேரத்தில் குடலைப் புரட்டிவிடும். தப்பிய எலி காரணத்தைக் கண்டுகொள்ளும். அதனால்தான் வயல்களில் முதல் சில நாட்கள் மருந்தில்லாத இரையை வைத்துப் பழக்கச் சொல்கிறார்கள்; பழகிய எலி பிறகு மருந்து இரையைத் தயங்காமல் தின்னும். புரோமடியோலோன் என்ற இன்னொரு மருந்தோ இரத்தத்தை உறையவிடாமல் செய்து, சில நாட்கள் கழித்தே கொல்லும். எந்த இரையால் வந்த வினை என்று எலிக்குப் பிடிபடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரண்டுமே வேண்டாம். பொறி வையுங்கள், வடைக்குப் பதில் தேங்காய்ச் சில்லை மாட்டுங்கள்.