தகரச் சுருளுக்கு ஒரு தாங்கி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹட்டனுக்கு அண்மையில் சிறிய தகரப் பட்டறை ஒன்றை நடத்தி வருகின்றேன். லயங்களுக்கும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்), புதிதாகக் கட்டப்படும் தனி வீடுகளுக்கும் கூரை நீர் வடியும் பீலியும் முகட்டுத் தகரமும் அடித்துக் கொடுப்பதே பிரதான வேலை. முன்பெல்லாம் எட்டடித் தகட்டை வாங்கி வெட்டிய நான், ஒட்டுப் போடுவதைக் குறைப்பதற்காக இப்போது இரண்டடி அகலச் சுருளை வாங்குகின்றேன். சுருளைத் தரையில் உருட்டி, வேண்டிய நீளத்தை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் கம்பியால் கட்டி வைப்பது வழக்கம். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் தேவைப்படுகின்றது, விளிம்பு மடங்குகின்றது, வெளிச் சுற்று முழுவதும் கீறல். தொழிற்சாலைகளில் உள்ளதைப் போன்ற இயந்திரத் தாங்கியை வாங்க எனக்கு வசதியில்லை. நானே செய்துகொள்ளக்கூடிய தாங்கி ஒன்றை விளக்குவீர்களா? (வாசகர், ஹட்டன்)

பதில்: தாங்கி என்றதும் எல்லோரும் முதலில் எடையைத்தான் நினைக்கின்றார்கள். உங்கள் சுருளின் எடையைக் கணக்கிடுவது எளிது. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகடு சதுர மீற்றருக்கு 7.85 கிலோ எடையுள்ளது. ஆகவே 0.4 மில்லிமீற்றர் தடிப்பும் 61 சென்ரிமீற்றர் அகலமும் 30 மீற்றர் நீளமும் கொண்ட சுருள் ஏறத்தாழ 57 கிலோ வரும். ஒரு சீமெந்துப் பையை விட ஏழு கிலோ அதிகம், அவ்வளவுதான். இந்த எடையைத் தாங்க நாலு பலகையும் ஒரு குழாயும் போதும். சிரமம் தருவது எடையல்ல; சுருட்டப்பட்ட தகடு எந்த நேரமும் விரிந்துகொள்ளப் பார்க்கின்றதே, அதுதான். நல்ல தாங்கி என்பது சுருளைத் தூக்கி வைப்பதோடு நில்லாமல் அடக்கியும் வைக்க வேண்டும். அடக்கும் பகுதியை விட்டுவிட்டு அச்சையும் காலையும் மட்டும் செய்துவிட்டு, "தாங்கி செய்தேன், பயனில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

தகடு எவ்வளவு விரியும் என்பது அது எவ்வளவு இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கின்றது என்பதைப் பொறுத்தது. 0.4 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண மென்னிரும்புத் தகட்டை ஏறத்தாழ 32 சென்ரிமீற்றர் விட்டத்தை விடப் பெரிய வட்டமாகச் சுருட்டினால், விட்டவுடன் அது முழுவதும் நேராகிவிடும். அதைவிடச் சிறிய வட்டமாகச் சுருட்டும்போது வளைவின் ஒரு பங்கு தகட்டிலேயே தங்கிவிடுகின்றது. நடுத் துளை 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சுருளிலிருந்து வரும் தகடு மேசையில் விரிக்கும்போது மெல்லிய வயிற்று வளைவோடு கிடப்பது இதனால்தான். அந்த அளவு வளைவு பீலி மடிக்கும்போது போய்விடும். ஆனால் மிச்சத் தகட்டைக் கையால் இறுக்கி 15 சென்ரிமீற்றருக்குள் சுருட்டிக் கட்டினீர்களானால், அடுத்த தடவை வெட்டும் துண்டு கூரையோடு ஒட்டாமல் எகிறி நிற்கும். நீங்கள் கம்பி கட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான். தாங்கியில் இருக்கும் சுருளை மீண்டும் சுருட்ட வேண்டிய தேவையே எழக் கூடாது.

இனிச் செய்முறைக்கு வருவோம். அச்சுக்கு ஒன்றரை அங்குல ஜீ.ஐ. (நாகம், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் தாராளமாகப் போதும். அதன் வெளிவிட்டம் ஐந்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, சுருளின் துளையோ 20 சென்ரிமீற்றர். பைப்பை நேரடியாகத் துளைக்குள் செருகினால் சுருள் அதில் தொங்கி முட்டை வடிவமாகிவிடும், உட்சுற்றுகள் நசுங்கிக் கோணும். ஆகவே துளையை நிரப்பும் உருளை ஒன்று வேண்டும். 18 மில்லிமீற்றர் பிளைவுட்டில், துளையை விட அரை சென்ரிமீற்றர் சிறிய வட்டங்கள் இரண்டை வெட்டி, அவற்றின் விளிம்பில் ஆறு சட்டங்களை நீளவாக்கில் அடித்தால் உருளை தயார். சட்டங்களுக்கும் சுருளுக்கும் இடையில் மர ஆப்புகளை இறுக்கிவிட்டால் சுருளும் உருளையும் ஒன்றாகச் சுழலும். உருளையின் இரு புறமும் 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கன்னத் தட்டுகள் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் சுற்றுகள் ஒருபக்கமாக வழுகி, புனல் போல வெளியே நீண்டுவிடும். விளிம்பு மடங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

கால்களை எல் வடிவ இரும்பிலோ மரத்திலோ செய்யலாம். அச்சு உட்காரும் இடத்தைத் துளையாக அமைக்காமல், மேலே திறந்த வாயாக அமையுங்கள். அப்போதுதான் இரண்டு பேர் சுருளைப் பைப்போடு தூக்கி மேலிருந்து இறக்க முடியும். இறக்கிய பின் வாய்க்குக் குறுக்கே ஒரு ஆணியைச் செருக மறக்கக் கூடாது, ஏனென்றால் தகட்டை வெடுக்கென்று இழுக்கும்போது அச்சு எகிறி வெளியே வந்துவிடும். கால்களைத் தரையோடு பூட்டிவிடுங்கள். இழுப்பு முன்பக்கமாகவே வருவதால் பூட்டாத தாங்கி ஒருநாள் உங்களை நோக்கிச் சாயும்.

தகடு சுருளின் மேற்புறமாக வெளியேறும்படி வையுங்கள். மேலாக வந்தால் அதன் இயல்பு வளைவு கீழ்நோக்கி இருக்கும், நுனி மேசையைத் தடவிக்கொண்டு போகும். அடிப்புறமாக எடுத்தால் நுனி மேல்நோக்கி எழும்பி வெட்டுபவரின் முகத்துக்கு வரும்.

அடக்கும் பகுதிக்கு மூன்று உறுப்புகள் தேவை. முதலாவது, அழுத்துக் கை. பின்காலில் கீலிட்ட ஒரு சட்டத்தின் நுனியில் மர உருளை ஒன்றை மாட்டி, அது சுருளின் வெளிச் சுற்றின் மீது எப்போதும் படிந்து நிற்கும்படி ஒரு எடையைத் தொங்கவிட வேண்டும். சுருள் சிறுத்துக்கொண்டு போகும்போது கையும் தானாக இறங்கும். இரண்டாவது, தடை. கன்னத் தட்டின் விளிம்பில் பழைய தோற்பட்டி ஒன்றைச் சுற்றி, ஒரு நுனியைக் காலில் கட்டி, மறுநுனியைச் சைக்கிள் டியூப் துண்டால் இழுத்துப் பிடித்தால் போதும். இழுப்பை நிறுத்தியவுடன் சுருளும் நின்றுவிடும். தடையில்லாத சுருள் தன் வேகத்தில் இன்னும் அரைச் சுற்றுச் சுற்றி, நடுவில் தொய்ந்து மடிந்துபோகும். மூன்றாவது, தகடு வெளிவரும் இடத்தில் இரண்டு பலகைகளுக்கிடையில் திருகாணியால் இறுக்கும் ஒரு வாய். வெட்டிய பின் ஒரு சாண் நுனி அந்த வாய்க்கு வெளியில் இறுகப் பிடிபட்டிருக்க வேண்டும். இல்லையெனில் நுனி உள்ளே சரிந்து சுருளோடு சுருண்டுவிடும், அதை மறுபடி கையை விட்டுத் தேடுவதுதான் காயம் படும் நேரம்.

புதுச் சுருளின் கட்டை வெட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகின்றேன். நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை அடுத்த பட்டறையில் உதவியாளாக இருந்த காலத்தில், தரையில் கிடந்த சுருளுக்கு நேரே குந்தியிருந்து கம்பியை வெட்டினேன். நுனி ஒரு அரைவட்டம் சுழன்று வந்து என் சட்டைக் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே கோடாகக் கிழித்தது. உள்ளே குளிருக்காகப் போட்டிருந்த கம்பளிச் சட்டைதான் தோலைக் காப்பாற்றியது. அது மார்கழி மாதம், பங்குனியாக இருந்திருந்தால் கதை வேறு. ஆகவே, கட்டோடு சுருளைத் தாங்கியில் ஏற்றி, அழுத்துக் கையை நுனியின் மீதே இறக்கி, தடையை இறுக்கி, தோல் கையுறையோடு பக்கவாட்டில் நின்றுகொண்ட பின்பே கட்டை வெட்டுங்கள்.

சுருளில் எவ்வளவு மிச்சம் என்று அறிய விரித்துப் பார்க்கத் தேவையில்லை. பக்கவாட்டில் சுற்றின் கனத்தை அளந்து, தகட்டின் தடிப்பால் வகுத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை கிடைக்கும். கனம் 12 மில்லிமீற்றர் என்றால் 0.4 தகட்டில் 30 சுற்று. நடுச் சுற்றின் விட்டம் 21.2 சென்ரிமீற்றர், அதன் சுற்றளவு ஏறத்தாழ 67 சென்ரிமீற்றர். ஆக 20 மீற்றர் மிச்சம். சுற்றுகள் தளர்ந்திருந்தால் கணக்குக் கூடிக் காட்டும் என்பதால், அழுத்துக் கை படிந்திருக்கும் இடத்தில் அளப்பதே சரி.

கேள்வி: எங்கள் ஸ்டோர்ஸில் கூரை ஒழுக்கு ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் தாங்கியில் வைத்திருந்த புதிய ஜீ.ஐ. சுருளின் உட்சுற்றுகளில் மா பூசியதைப் போல வெள்ளை படிந்திருக்கின்றது. ஈரம் படக் கூடாது என்று பொலித்தீனால் நன்றாகச் சுற்றித்தான் வைத்திருந்தோம். தகடு பழுதானதா? (வாசகி, நுவரெலியா)

பதில்: பொலித்தீன்தான் காரணம் என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள உங்கள் ஊரில் இரவு முழுவதும் குளிர்ந்த ஐம்பது அறுபது கிலோ உலோகம், காலையில் வெயில் ஏறிய பின்னும் வெகுநேரம் குளிராகவே இருக்கும். கதவைத் திறந்தவுடன் உள்ளே வரும் இளஞ்சூடான ஈரக்காற்று அந்த உலோகத்தில் பட்டு, குளிர்ந்த தம்ளரின் வெளிப்புறத்தில் துளிர்ப்பதைப் போல நீராகப் படிகின்றது. சுற்றுகளுக்கிடையில் உள்ள மயிரிழை இடைவெளி அந்த நீரை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும், பொலித்தீன் அதை வெளியேற விடாது. மழையே இல்லாத மாதத்திலும் இது நடக்கும். பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு மிகுந்த தை, மாசியில் இன்னும் கூடுதலாக நடக்கும்.

நாகப்பூச்சுக் காற்றுப்பட்டு நின்றால், காற்றிலுள்ள கரியமில வாயுவின் துணையோடு சாம்பல் நிறமான ஒரு மெல்லிய காப்புப் படலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கூரையில் பல்லாண்டு கிடக்கும் தகரத்தை அதுதான் காக்கின்றது. நெருக்கிய சுற்றுகளுக்கிடையில் நீர் மட்டும் இருந்து காற்று இல்லாதபோது அந்தப் படலம் உருவாகாமல், நாகம் வெள்ளைத் தூளாக வெளியேறுகின்றது.

விரலால் தேய்த்துப் பாருங்கள். தூள் கையில் ஒட்டிக்கொண்டு, கீழே பளபளப்புக் குறைந்த தகடு தெரிந்தால் பெரிய இழப்பில்லை. நைலோன் தூரிகையால் துலக்கி, உலர்த்திப் பயன்படுத்தலாம். கம்பித் தூரிகை வேண்டாம், அது எஞ்சிய பூச்சையும் சுரண்டிவிடும். அடியில் கறுப்பாகவோ செம்மையாகவோ தெரியும் பகுதியைப் பீலிக்கு எடுக்காதீர்கள். நனைந்த சுருளைச் சுருளாகவே வைத்து உலர்த்த முடியாது, அன்றைக்கே விரித்துத் துடைக்க வேண்டும்.

இனிமேல் பொலித்தீனுக்குப் பதிலாகத் தாங்கியின் மீது கித்தான் துணியைக் கூடாரம் போலத் தொங்கவிடுங்கள், அடிப்புறம் திறந்திருக்கட்டும். தாங்கியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். தோட்டங்களில் நான் கண்ட இன்னொரு வழக்கத்தையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கின்றது: ஒரே ஸ்டோர்ஸில் ஒரு பக்கம் உரமூட்டை, மறுபக்கம் தகரம். அமோனியம் சல்பேற்றும், மியூரியேற் ஒஃப் பொட்டாஷும் ஈரத்தை இழுப்பவை. அவற்றின் தூசி படிந்த நாகப்பூச்சு வெறும் பனியில் நனைந்ததை விடப் பன்மடங்கு வேகமாக அரிக்கப்படும். ஸ்டோர்ஸ் கிளார்க்கோடு சண்டை பிடித்தாவது ஒன்றை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 26 கேஜ், 28 கேஜ் சுருள்கள் இரண்டையும், ஆறு அங்குல அலுமினியச் சுருள் ஒன்றையும் ஒரே அச்சில் மாட்டலாமா? சுவரில் பொருத்தினால் இடம் மிச்சமாகுமே? (வாசகர், பண்டாரவளை)

பதில்: இரும்புச் சுருள்கள் இரண்டையும் ஒரே அச்சில் மாட்டலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி உருளையும் தனித் தடையும் இருந்தால் மட்டுமே, இல்லாவிட்டால் ஒன்றை இழுக்க மற்றதும் அவிழும். 26 கேஜ் என்பது 0.457 மில்லிமீற்றர், 28 கேஜ் 0.376 மில்லிமீற்றர். இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால், கன்னத் தட்டிலேயே பெயின்றால் எழுதி வையுங்கள். அலுமினியத்தை அவற்றோடு சேர்க்க வேண்டாம். அது மென்மையானது, இரும்பின் விளிம்பு பட்டால் கீறும். பத்து மீற்றர் அலுமினியச் சுருள் இரண்டு கிலோகூட வராது என்பதால், முன்புறம் நீளமான பிளவும் மேலே மூடியும் உள்ள ஒரு மரப்பெட்டிக்குள் அப்படியே வைத்துவிடலாம். சுருள் விரிந்து பெட்டியின் சுவர்களில் முட்டி நிற்கும், நுனியைப் பிளவு வழியாக இழுத்து வெட்டிக்கொள்ளலாம். அந்தப் பெட்டியைத் தாராளமாகச் சுவரில் மாட்டலாம். இரும்புச் சுருளுக்கோ சுவர் கொங்கிரீட்டாக இருந்தாலொழிய அந்த எண்ணமே வேண்டாம்; பழைய லயத்துச் சுவரின் காரை ஆணியோடு சேர்ந்து கையோடு வந்துவிடும்.