பேட்ஜ் பூச்சியம் காட்டினால் பயமில்லையா?

கேள்வி: என் கணவர் ஓமானில் ஒரு எண்ணெய் வயலில் வேலை செய்கிறார். நிலத்துக்குள் தண்ணீர் ஏற்றும் குழாயில் கதிரியக்கத் தண்ணீர் செலுத்தும் குழுவில் இப்போது இவரையும் சேர்த்திருக்கிறார்களாம். டிரிட்டியம் என்று பெயர் சொன்னார். "நெஞ்சில் குத்துகிற, கதிர் அளக்கும் பேட்ஜ் எப்பவும் பூச்சியம்தான் காட்டுது, பயப்படாதை" என்கிறார். அடுத்த மாதம் லீவில் வருகிறார். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். கிட்ட விடலாமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: தாராளமாக விடுங்கள், தங்கச்சி. அப்பாவின் மடியில் ஏறி இருக்கட்டும். ஆனால் அவர் சொன்ன அந்த பேட்ஜ் கதைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நானும் அந்தப் பாலைவனத்தில் பதினேழு வருடம் பம்ப் பார்த்தவன். நம்ம கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன, ஆனால் சூடு ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றில் மஞ்சள் கரைத்தால் அடுத்ததில் தெரியுமா என்று சின்ன வயதில் சண்டை பிடித்திருக்கிறோம். எண்ணெய் வயலிலும் அதே கேள்விதான். எண்ணெயைத் தள்ள ஒரு கிணற்றில் தண்ணீர் ஏற்றுகிறார்கள்; அது எந்தக் கிணற்றில், எத்தனை மாதம் கழித்து வெளிவருகிறது? சாயம் போட்டால் பாறையில் ஒட்டிக்கொள்ளும். டிரிட்டியம் என்பது கதிர்வீசும் ஒருவகை ஹைட்ரஜன்; அது கலந்த தண்ணீர் தண்ணீரேதான், அதனால் கூடவே போகும்.

டிரிட்டியத்தின் கதிர் மிகவும் பலவீனமானது. காற்றில் சில மில்லிமீற்றர் போவதற்குள் நின்றுவிடும், தோலின் மேல்படையைக்கூடத் தாண்டாது. அதாவது, அது பேட்ஜுக்குள்ளும் போகாது. அந்தத் தண்ணீர் உடம்பில் பட்டு ஊறினாலும் பேட்ஜ் பூச்சியம்தான் காட்டும். உள்ளே போனால்தான் ஆபத்து: வாயால், ஆவியாக மூச்சால், தோல் வழியாகவும். போனது உடம்புத் தண்ணீரோடு கலந்து, ஏறக்குறைய 10 நாளில் பாதி வெளியேறும். ஆகவே அளக்க வேண்டியது சிறுநீரை. "வேலைக்கு முன்னும் பின்னும் சிறுநீர் சாம்பிள் எடுக்கிறார்களா?" என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லை என்றால், அங்குள்ள கதிர்ப் பாதுகாப்பு அதிகாரியிடம் அவர் வாய் திறந்து கேட்கவேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது அழுத்தம். உண்மையில் நான் பயந்தது இதற்குத்தான். ஓடுகிற குழாயில் அழுத்தம் எவ்வளவோ, அதைவிடக் கூடுதலான அழுத்தத்தில்தான் மருந்தைச் செலுத்தமுடியும் (அந்தக் கதிரியக்கத் தண்ணீரை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம்). நடுவில் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருக்கவேண்டும். முதலில் வெறும் தண்ணீரை வைத்து, வேலை அழுத்தத்துக்கும் மேலே ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கவேண்டும். ஒருமுறை எங்கள் மேலாளர் அவசரப்பட்டு, "நேற்றுத்தானே பார்த்தோம், விடு" என்றார். நான் பிடிவாதமாக ஏற்றினேன். ஒரு இணைப்பு பிய்ந்து, தண்ணீர் ஊசி மாதிரிச் சீறிக்கொண்டு வந்தது. வெறும் தண்ணீர் என்பதால் நனைந்ததோடு போயிற்று. மேலாளர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மருந்து போய் முடிந்ததும் உடனே கழற்றக்கூடாது. போத்தல், பம்ப், இணைப்புக் குழாய் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் பலமுறை அலசி, அந்தத் தண்ணீரையும் கிணற்றுக்குள்ளேயே தள்ளவேண்டும். பிறகு அழுத்தத்தை இறக்கி, கீழே தட்டு வைத்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வர நின்று கழற்றுவது. இணைப்புகளைத் துடைத்த தாளை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள், ஏனென்றால் கையில் பிடிக்கும் கருவி டிரிட்டியத்துக்குச் சத்தமே போடாது. கையுறை இரண்டு சோடி, அடிக்கடி மாற்றவேண்டும். இந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல ரப்பருக்குள்ளும் ஊறும். அந்த வெயிலில் கை வியர்த்து வழியும்போது கழற்றி எறியத்தான் மனம் வரும். வேலை இடத்தில் தேத்தண்ணீரும் சிகரெட்டும் கூடவே கூடாது.

வேலை உடுப்பு அங்கேயே கிடக்கட்டும், பெட்டியில் போட்டுக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று: சில வயல்களில் கோபால்ட் 60 சேர்ந்த மருந்தும் போடுவார்கள். அதன் கதிர் ஆளை ஊடுருவும். அந்த நாளில் பேட்ஜ் குத்தாமல் போகவே கூடாது.