பதில்: பிலிப்பியர் 4:13-க்கு அடுத்த வசனத்திலேயே பண உதவிக்கு நன்றி ஏன்?

முரண்பாடு இல்லை. பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் (பைபிளில் 'பிலிப்பியர்') "எல்லாம் செய்ய எனக்குப் பெலன் உண்டு" என்ற அப்போஸ்தலன் பவுல் அடுத்த வரியில் பண உதவியைப் பாராட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே "எல்லாம்" என்பது சாதனை அல்ல; பட்டினியிலும் நிறைவிலும் மனம் கலங்காமல் இருப்பது.

குழப்பம் வரக் காரணம், 13-ஆம் வசனம் மட்டும் தனியாகக் காலண்டரிலும் தேர்வு வாழ்த்திலும் வந்து நம் காதில் பதிந்துவிட்டதுதான். 4:10 முதல் 20 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், அது காணிக்கை கிடைத்ததற்கான ஒப்புகை மாதிரியே இருக்கும். பவுல் காவலில் இருக்கிறார். அந்தக் காலத்தில் காவலில் இருப்பவருக்குச் சாப்பாடு பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். பிலிப்பி சபை தங்கள் ஆளான எப்பாப்பிரோதீத்துவிடம் பொருள் கொடுத்தனுப்பியது. அவரோ நோயில் விழுந்து சாகக் கிடந்தார் (2:25-30). இதற்கு முன் தெசலோனிக்கேயிலும் அவர்கள் உதவியிருக்கிறார்கள் (4:16). அப்புறம் நன்றி சொல்லாமல் எப்படி இருப்பார்? ஆனால் தன்னைப் பணத்துக்கு ஏங்குகிறவன் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கூச்சம் 11, 17-ஆம் வசனங்களில் அப்படியே தெரிகிறது.

ஒன்று மட்டும்: இதை வைத்து "பவுல் எல்லாச் சபையிலும் காசு வாங்கினார்" என்று போய்விடாதீர்கள். கொரிந்துவில் வாங்க மறுத்தார். அங்கே அவருடைய குறைவை நிரப்பியவர்கள் பிலிப்பி இருந்த மக்கெதோனியா மாகாணத்துச் சகோதரர்கள் (2 கொரிந்தியர் 11:9).