ஃபங்க் இசையை வீழ்த்தியது அந்த ஒரு இரவு அல்ல

ஃபங்க், அதாவது பேஸும் தாளமும் முன்நிற்கும் கறுப்பின அமெரிக்க நடன இசை, ஏன் சரிந்தது என்று கட்டுரை எழுதும் நீங்கள், டிஸ்கோ எதிர்ப்பு இரவுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ எனும் நடனக்கூட இசையின் தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்த நிகழ்ச்சியை ஃபங்க்கின் சரிவுக்குக் காரணமாக நீங்கள் எழுதினால், கட்டுரை பாதி உண்மையோடு நின்றுவிடும்.

முதன்மையான காரணம் ஃபங்க் குழுவின் அளவு என்றே நான் கருதுகிறேன். ஊதுகருவிக் கலைஞர்கள், இரண்டு கிதார்கள், பேஸ் (தாழ்சுருதிக் கிதார்), டிரம்ஸ் என்று பத்துப் பேருக்கு மேல் ஊர் ஊராகக் கூட்டிச்செல்வது பெருஞ்செலவு; 1980-இல் லின் எல்எம்-1, ரோலண்ட் டிஆர்-808 ஆகிய தாள இயந்திரங்கள் வந்தபின் அச்செலவு தேவையற்றதாகத் தோன்றத் தொடங்கியது. பெரிய ஃபங்க் குழுவாக இருந்த கேமியோ, 1986-இல் அதன் ‘வேர்ட் அப்!’ பாடல் வெளியானபோது மூவராகச் சுருங்கியிருந்தது.

இதைச் செவியாலேயே சோதிக்கலாம். பார்லிமென்ட் எனும் ஃபங்க் குழு 1979-க்கு முன்பே வெளியிட்ட ‘ஃப்ளாஷ் லைட்’ பாடலில் பேஸ் வரியை மட்டும் பின்தொடருங்கள்: அது கிதார் அல்ல, குழுவின் விசைப்பலகைக் கலைஞர் பெர்னி வாரெல் மினிமூக் எனும் சின்தசைசரில் (மின்னணு ஒலிக்கருவியில்) வாசித்தது. மாற்றம் ஃபங்க்குக்குள்ளேயே, 1979-க்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை: டிஸ்கோ எதிர்ப்பை முற்றிலும் ஒதுக்கிவிடாதீர்கள். அதன்பின் பாப் வானொலி நிலையங்கள் கறுப்பின இசையிலிருந்து விலகின. பார்லிமென்ட் குழுவின் தலைவர் ஜார்ஜ் கிளின்டனின் ‘அடாமிக் டாக்’ பாடல் 1983-இல் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கறுப்பினப் பாடல்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தும், பொதுவான ஹாட் 100 பட்டியலுக்குள் நுழையவே இல்லை.